கோவளம் முதல் மரக்காணம் வரை, தண்ணீர் வழியாக

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து தெற்கே வருகிறவர்கள் எல்லோரும் இடப்பக்கம் திரும்பிக் கடலைத்தான் பார்ப்பார்கள். வலப்பக்கம், தோப்புகளுக்குப் பின்னால், ஒரு நீர்க்கோடு கூடவே வருவதைக் கவனிப்பவர்கள் குறைவு. எங்கள் நெம்மேலிக்கு மேற்கே அது அகலமாக, அசையாமல் கிடக்கிறது. இன்றைய பிள்ளைகளைக் கேட்டால் "கால்வா" என்பார்கள். அதற்குமேல் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்காது. என் வயதுக்காரர்களுக்கு அது பக்கிங்காம் கால்வாய். இந்தத் தார்ச்சாலை வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்து ஊர்களுக்கு அதுதான் சாலை.

கனடாவில் டொராண்டோவில் இருக்கும் என் தங்கை மகள் போன கோடையில் நண்பர்களோடு அல்கொன்குயின் பூங்காவுக்குப் போய்வந்தாள். 1893-ல் ஏற்படுத்திய பெரிய காட்டுப் பூங்கா அது. ஏரிக்குப் பக்கத்தில் ஏரி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஏரி. சின்னத் துடுப்புப் படகுகளில் சோறு, கூடாரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஐந்து நாள் சுற்றினார்களாம். போனில் எல்லாம் சொல்லிவிட்டு, "நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாது இல்ல மாமா?" என்றாள். "ஏன் கிடையாது? 1974-ல் நாங்கள் ஏழு பேர் போனோமே, நான்கு ராத்திரி" என்றேன். அவள் நம்பவில்லை. எழுதி அனுப்புங்கள் என்றாள். அவளுக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் கால்வாயைப் பற்றி இரண்டு வார்த்தை. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை தன் சொந்தச் செலவில் வெட்டிய கால்வாய்தான் இதன் தொடக்கம். 1837-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் துண்டு துண்டாக நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்களுக்குக் கூலி கொடுக்க வேண்டி, 1877, 78-ல் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கி.மீ. பகுதியை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. பெயர் அவருக்குப் போயிற்று, மண் சுமந்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. ஆந்திராவிலிருந்து மரக்காணம் வரை மொத்தம் சுமார் 420 கி.மீ. அதில் 163 கி.மீ. நம் மாநிலத்தில்.

இது முழுக்க வெட்டிய வாய்க்காலும் அல்ல. கடலை ஒட்டி இயற்கையாகக் கிடந்த உப்பங்கழிகளையும் ஏரிகளையும் ஒன்றோடு ஒன்று கோத்திருக்கிறார்கள். கழி முடிகிற இடத்தில் வாய்க்கால், வாய்க்கால் முடிகிற இடத்தில் கழி. முகத்துவாரங்கள் வழியாகக் கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது இறங்கும். உப்பு, சவுக்கு விறகு, கிளிஞ்சல், நெல் எல்லாம் இதில்தான் சென்னைக்குப் போயின. மாமல்லபுரம் பார்க்கப் போகிறவர்கள் சாயங்காலம் சென்னையில் படகேறி, தூங்கி, காலையில் இறங்குவார்கள். புதுவையில் தமிழாசிரியராக இருந்த பாவேந்தர் பாரதிதாசன் 1934-ல் நண்பர்களோடு முழுநிலா இரவில் அப்படிப் போனவர்தான். அதைப் பற்றி 'மாவலிபுரச் செலவு' என்றே ஒரு கவிதை எழுதியிருக்கிறார். நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தமிழுக்கு வாரத்தில் சில மணி நேரம்தான். ஆனாலும் அந்தக் கவிதையை எங்கள் தமிழ் வாத்தியார் விட்டுவைக்கவில்லை.

1965, 1966 இரண்டு வருஷமும் அடித்த புயல்கள் கால்வாயைக் கெடுத்துவிட்டன. கரைகள் சரிந்தன, மண் மேடிட்டது. லாரிகளும் அதே சமயத்தில்தான் பெருகின. 1974-ல் நான் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வயது 22. அப்போது கால்வாயில் படகுகள் இருந்தன, ஆனால் எண்ணிவிடலாம்.

பயணம் போகும் யோசனை எங்கள் ஹெட்கிளார்க்குடையது. அப்போது ஓய்வு பெறும் வயது 55. அவருக்கு ஜூன் மாதம் கடைசி. சிறு பையனாக இருந்தபோது அவர் அப்பாவோடு சென்னையிலிருந்து கால்வாய்ப் படகில் வந்திருக்கிறார். "ரிடையர் ஆனப்புறம் போறதுக்கு எனக்குக் காலும் இருக்காது, கால்வாயும் இருக்காது. இப்பவே போயிடலாம்" என்றார். இரண்டு கிளார்க்குகள், ஒரு டைப்பிஸ்ட், ஒரு அக்கவுண்டன்ட், சமையலுக்குப் பெயர் போன எங்கள் பியூன், அவர், நான். ஆக ஏழு பேர். தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தோம். அத்தனை விண்ணப்பத்திலும் காரணம் "சொந்த வேலை" என்றே இருந்தது. மேலதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

படகு கோவளத்தில் கிடைத்தது. சுமார் முப்பது அடி நீளம், தட்டையான அடிப்பாகம். ஒரு காலத்தில் உப்பு ஏற்றியது. நடுவில் மூங்கில் வளைத்துப் பாய் போட்ட கூரை. படகுக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கூட அவர் மகன். வாடகை மொத்தம் 70 ரூபாய், ஆளுக்குப் பத்து. எங்கள் அக்கவுண்டன்டுக்கே அது குறைவாகப் பட்டது.

ஹெட்கிளார்க் ஒரு கேள்வி கேட்டார். "பெரியவரே, இந்த மாசத்துல காத்து தெக்கேயிருந்துதானே வரும்? மரக்காணத்துக்கு பஸ்ஸுல போயி, அங்கேயிருந்து படகுல இப்படி வந்தா காத்து தள்ளிக்கிட்டு வருமே?"

"வரும் சார். ஆனா நான் தெக்கேதான் போவணும். மரக்காணத்துல எனக்கு ஒரு ஜோலி கீது" என்றார் பெரியவர். அத்தோடு பேச்சு முடிந்தது.

மே 4, சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். கத்திரி தொடங்கும் நாள். வீட்டில் எல்லோரும் எங்களைப் பைத்தியம் என்றார்கள். ஆனால் திங்கட்கிழமை சித்ரா பௌர்ணமி. நிலா வெளிச்சத்தில் ராத்திரி போகலாம், பகலில் வெயில் ஏறியதும் நிழலில் படுக்கலாம் என்பது கணக்கு. பெரியவர் கணக்கும் அதுதான். விடியற்காலையில் நிலத்துப் பக்கமிருந்து மேல்காற்று லேசாக வரும்போது பாய் விரிப்பார். பத்து மணிக்குக் கடல்காற்று எதிரே கிளம்பியதும் பாயைச் சுருட்டிவிடுவார். அதற்குப் பிறகு மூங்கில் கழிதான். கழியை நட்டு, தோளைக் கொடுத்து, படகின் விளிம்பிலேயே முன்னாலிருந்து பின்னால் நடந்து தள்ள வேண்டும். பார்க்கச் சுலபம். நான் முதல் தடவை தள்ளியபோது கழி சேற்றில் நின்றுவிட்டது, படகு போய்விட்டது, நான் கழியோடு தொங்கினேன். டைப்பிஸ்ட் நண்பர் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

முட்டுக்காட்டுக் கழியைத் தாண்டித் தெற்கே திரும்பி, திருவிடந்தைக்கு மேற்கே வரும்போது வெயில் தாழ்ந்தது. முதல் ராத்திரி தங்கியது இதே நெம்மேலிக்குப் பக்கத்தில்தான். பின்னாளில் இங்கே வீடு கட்டிக் குடியேறுவேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கரையில் சவுக்குத் தோப்பு. மூன்று கல்லை வைத்து, சவுக்கு மிலாறு பொறுக்கி அடுப்பு மூட்டினோம். பெரியவரின் மகன் வீச்சுவலை போட்டான். நாலு வீச்சில் ஒரு சட்டி மடவை மீன்.

குடிதண்ணீர்தான் எங்கள் கவலை. கால்வாய்த் தண்ணீர் உப்பு. கொண்டுவந்த இரண்டு பானையும் முதல் நாளிலேயே பாதி காலி. பெரியவர் கவலைப்படவில்லை. கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே இருந்த மணல்மேட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். மேட்டின் அடிவாரத்தில் ஓர் இடத்தில் உட்கார்ந்து கையாலேயே இரண்டடி தோண்டினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊறியது. முதல் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, அடுத்ததைக் கொட்டாங்குச்சியில் மொண்டு கொடுத்தார். இளநீர் மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கம் உப்பு, நடுவில் எப்படி இது? மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது என்று பின்னாளில் ஒரு பொறியாளர் விளக்கினார். பெரியவருக்கு அந்த விளக்கம் தெரியாது. ஆனால் எந்த மேட்டில் எவ்வளவு ஆழத்தில் கிடைக்கும் என்பது கோவளம் முதல் மரக்காணம் வரை அவருக்குத் தெரியும். "ஆழமாத் தோண்டக் கூடாது தம்பி. பேராசப்பட்டா உப்பு மேல வந்துடும்" என்றார்.

மறுநாள் காலை மாமல்லபுரம். கோயில்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பகலெல்லாம் மரத்தடியில் படுத்துவிட்டு, சாயங்காலம் கிளம்பினோம். கலங்கரை விளக்கின் வெளிச்சம் வெகுநேரம் எங்கள் பின்னாலேயே சுழன்று வந்தது. மேற்கே திருக்கழுக்குன்றத்து மலை கறுப்பாகத் தெரிந்தது. ராத்திரி தண்ணீரில் போகும்போது யாரும் சத்தமாகப் பேசுவதில்லை என்பதை அன்று கவனித்தேன். அலுவலகத்தில் ஓயாமல் பேசுகிற அக்கவுண்டன்டே அடங்கிவிட்டார். கழி தண்ணீரில் இறங்கும் சத்தம், மீன் துள்ளும் சத்தம், தூரத்தில் கடல். அவ்வளவுதான்.

நள்ளிரவுக்குமேல் சதுரங்கப்பட்டினம் வந்து, விடியும்வரை படுத்தோம். கல்பாக்கத்தில் அணுமின் நிலைய வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. விளக்குகளும் பாரந்தூக்கிகளும் தெரிந்தன. காலையில் டச்சுக்காரர்களின் பழைய கோட்டையைப் பார்க்கப் போனோம். சுவர்கள் மட்டும் மிச்சம். உள்ளே கல்லறைகள். அந்தச் சுவர்மேல் நின்று கடலைப் பார்த்தபோதுதான் எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்தது. 1782 பிப்ரவரி 17-ஆம் தேதி இந்த ஊருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். இருவருக்கும் நடந்த ஐந்து கடற்போர்களில் இது முதலாவது. எங்கள் பள்ளியில் சுஃப்ரேன் பெரிய வீரர். சாத்ராஸ் என்று மனப்பாடம் செய்த ஊர், நான் வேலை பார்க்கும் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்த சதுரங்கப்பட்டினம்தான் என்பது அன்றுதான் உறைத்தது.

ஹெட்கிளார்க் ஆங்கில வழியில் படித்தவர். அவர் புத்தகத்தில் கிளைவ் வீரர். கோவளம் கோட்டையையும் செங்கல்பட்டையும் 1752-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கிளைவ் பிடித்ததை அவர் சொன்னார். நான் டூப்ளேயைச் சொன்னேன். ஒரே கோட்டைகள், அவருக்கு வெற்றி, எனக்குத் தோல்வி. இரண்டு பேரும் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பெரியவர் கழி தள்ளியபடியே கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியில், "ஏன் சார், இந்த ரெண்டு பேர்ல யாரு கால்வா வெட்டினது?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் இல்ல பெரியவரே. அவங்களுக்கெல்லாம் ரொம்பப் பின்னால வெட்டினது" என்றார் ஹெட்கிளார்க்.

"அதான் கேட்டேன். எங்க பாட்டன் அடையாத்தாண்ட மண்ணு செமந்தாராம், பஞ்சத்துல. கூலிக்குத் தானியம் குடுத்தாங்களாம். வெட்டி முடிச்சப்புறம் அதுலயே படகு வுட ஆரம்பிச்சாரு."

அதற்குப் பிறகு நாங்கள் கிளைவையும் டூப்ளேயையும் விட்டுவிட்டோம்.

சித்ரா பௌர்ணமி அன்று பாலாறு. கால்வாயை ஆறு குறுக்கே வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகிற இடம். மே மாதத்துப் பாலாறு எப்படியிருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தது. கால்வாய்த் தண்ணீர் வந்து நின்ற இடத்துக்கும், அடுத்த தண்ணீர் தொடங்கும் இடத்துக்கும் நடுவே சுமார் நூறு கஜம் ஈரமணல். படகு போகாது.

"எறங்குங்க சார், எல்லாத்தையும் எறக்குங்க" என்றார் பெரியவர்.

பாத்திரம், அரிசி மூட்டை, பானை, படுக்கை எல்லாவற்றையும் தலையிலும் தோளிலும் சுமந்து அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தோம். பிறகு சவுக்குக் கட்டைகளை உருளையாகப் போட்டு, கயிறு கட்டி, ஒன்பது பேரும் சேர்ந்து படகை இழுத்தோம். பின்னால் விடுபட்ட கட்டையை எடுத்து ஓடிப்போய் முன்னால் போடுவது என் வேலை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. ரிடையர் ஆகப்போகிற ஹெட்கிளார்க் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றின் முதல் ஆளாக நின்றார். அலுவலகத்தில் அவர் ஒரு கோப்பைத் தானாகத் தூக்கி நான் பார்த்ததில்லை.

இழுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு பிரெஞ்சுச் சொல் ஞாபகம் வந்தது. கனடாவைப் பற்றிய புவியியல் பாடத்தில் படித்தது. விலங்குத் தோல் வியாபாரத்துக்காகப் பிரெஞ்சுக்காரர்கள் மரப்பட்டைப் படகில் ஏரி ஏரியாகப் போவார்கள். ஓர் ஏரி முடிந்து அடுத்தது வரும்வரை படகையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு நடப்பார்கள். அதற்கு 'போர்த்தாழ்' என்று பெயர். சுமத்தல் என்பதுதான் அர்த்தம். தங்கை மகளிடம் இதைச் சொன்னபோது, அங்கே ஆங்கிலம் பேசுகிறவர்களும் இன்றைக்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்றாள். அவர்கள் படகு ஓர் ஆள் தோளில் தூக்குகிற கனம். எங்கள் படகு இரண்டு வண்டி மாடுகளுக்கே சவாலாக இருந்திருக்கும். மற்றபடி வேலை ஒன்றுதான்.

அன்று ராத்திரி ஆற்று மணலிலேயே படுத்தோம். நிலா கடலிலிருந்து எழுந்தது. பியூன் புளியோதரையும் தேங்காய்த் துவையலும் செய்திருந்தார். சித்ரா பௌர்ணமிக்கு ஆற்றங்கரையில் சித்ரான்னம் சாப்பிடுவது நம் வழக்கம். ஆற்றில் தண்ணீர்தான் இல்லை. ஹெட்கிளார்க் பழைய பாட்டுகளைப் பாடினார். அவருக்குப் பாட வரும் என்பதே எங்களுக்கு அன்றுவரை தெரியாது. பெரியவர் மட்டும் கூட்டத்தில் உட்காரவில்லை. படகின் பக்கமாகவே இருந்தார். ஒரு தேங்காய் மட்டையை எடுத்து அதன் அடிப்பலகையில் ஒட்டியிருந்த பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இத்தனை ராத்திரியில் எதற்கு என்று கேட்டேன். "மேல ஏறி நிக்கும்போதுதான் தம்பி தேய்க்க முடியும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை பெரிய ஓட்டம். கூவத்தூர்ப் பக்கம் தாண்டி ஒதியூர்க் கழிக்குள் நுழைந்தபோது, கரை இரண்டு பக்கமும் விலகிப்போய் நிஜமாகவே ஏரியாகிவிட்டது. தண்ணீர் தொடை அளவுதான். ஆனால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்தால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். படகு போகிற ஆழம் ஒரு ஒற்றையடிப்பாதை மாதிரி அதற்குள் வளைந்து வளைந்து போகிறது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெரியவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார். நாரைகள் எங்கே நிற்கின்றன, எங்கே நிற்கவில்லை என்று பார்த்தார். கழியை நட்டு எடுத்து, அதன் நுனியில் ஒட்டிய சேற்றை விரலால் தேய்த்துப் பார்த்தார். கறுப்புச் சேறு என்றால் விலகுவார், மணல் என்றால் போவார். அந்த ஏரியில் நாங்கள் ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

கழிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் அந்த நிலந்தான் இடைக்கழிநாடு. மாம்பழத்துக்குப் பேர் போனது. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். அவர் பாணனுக்கு வழி சொல்லும்போது வரும் எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டிய ஊர் என்று அறிஞர்கள் சொல்வார்கள். இந்தக் கரையில் வழி சொல்வது பழைய தொழில் என்று அப்போது எனக்குத் தோன்றியது. கரையில் இறங்கி ஒரு கூடை மாம்பழம் வாங்கினோம். படகு முழுக்க வாசனை.

நாலாவது ராத்திரி கடப்பாக்கத்தில், ஆலம்பரைக் கோட்டையின் கீழே. 1750-ல் முசாபர் ஜங் இதை டூப்ளேக்குக் கொடுத்தார். 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வரும் ஊர் இது. செங்கல் சுவர்கள் நிலாவில் சிவப்பாகத் தெரிந்தன. எதிரே கழி, அதற்கப்பால் மணல் திட்டு, அதற்கப்பால் கடல். பெரியவர் அன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

புதன்கிழமை, மே 8, மத்தியானம் மரக்காணம். உப்பளங்கள் கண்ணைப் பறித்தன. எங்கு பார்த்தாலும் வெள்ளைக் குவியல், கீற்று போட்டு மூடிய அம்பாரங்கள். கரையில் ஒரு மாட்டு வண்டியும் மூன்று ஆட்களும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். கையில் கடப்பாரை, கோடாலி, சுத்தி. உப்பு ஏற்ற வந்தவர்கள் என்று நினைத்தோம். எங்கள் சாமான்களை இறக்கி முடித்ததும், அவர்களில் ஒருவர் படகில் ஏறிப் பலகைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து பணத்தை எடுத்துப் பெரியவர் கையில் எண்ணி வைத்தார். மற்ற இரண்டு பேரும் கூரைப் பாயைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மரக்காணத்தில் இருந்த ஜோலி அதுதான். படகை மரத்துக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் இங்கே இருக்கிறார், கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். வெறும் படகாகக் கொண்டுவருவதற்குப் பதில் எங்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏன் பெரியவரே, முன்னாலேயே சொல்லியிருக்கலாமே" என்று ஹெட்கிளார்க் கேட்டார். அவருக்குக் குரல் சரியாக வரவில்லை.

"சொல்லியிருந்தா நீங்க எழவு வூட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருப்பீங்க சார். நாலு நாளு சிரிச்சிக்கினு, பாடிக்கினு வந்தீங்க. படகுக்கும் அது நல்லதுதானே" என்றார் பெரியவர்.

அவருக்கு உப்பு ஏற்றிக் கடைசியாக வாடகை வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டதாம். மகனுக்கு லாரியில் கிளீனர் வேலை பார்த்து வைத்திருந்தார். இதையெல்லாம் மகன்தான் சொன்னான். பலகையில் முதல் கடப்பாரை இறங்கியபோது பெரியவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஏழு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். ஹெட்கிளார்க் எங்களிடம் மிச்சமிருந்த பணத்தை வாங்கி, தன்னுடையதையும் சேர்த்து அவரிடம் நீட்டினார். பேசிய வாடகை பேசியதுதான் என்று சொல்லி அவர் வாங்கவில்லை. மிச்சமிருந்த மாம்பழங்களை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அவர் விற்காத பொருள் ஒன்றே ஒன்று, அந்த மூங்கில் கழி. திண்டிவனம் பஸ்ஸில் அதை ஏற்ற கண்டக்டர் மறுத்தார். ஹெட்கிளார்க் தன் வாழ்நாளில் முதல் தடவையாக, தான் அரசாங்க ஊழியர் என்று உரக்கச் சொல்லிச் சண்டை போட்டார். கழி பஸ் கூரைக்குப் போயிற்று.

அன்றுதான் நாடு முழுவதும் ரயில் வேலைநிறுத்தம் தொடங்கிய நாள். திண்டிவனத்தில் ரயில் இல்லை. பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம். பெரியவரும் மகனும் ஒரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் ராத்திரி எட்டு மணிக்குத்தான் செங்கல்பட்டு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் ஹெட்கிளார்க் பேசவில்லை. ஜூன் மாதம் அவருடைய பிரிவுபசார விழாவில் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசினோம். அவர் எழுந்து ஐந்து நிமிஷம் பேசினார். அந்த ஐந்து நிமிஷமும் படகுக்காரரைப் பற்றி.

நாலைந்து வருஷம் கழித்து வேறு வேலையாகக் கோவளம் போனபோது பெரியவர் வீட்டைத் தேடிப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். கழி வாசலில் இரண்டு கவைக் கம்புகளுக்கு நடுவே துணி காயப்போடும் கம்பாக இருந்தது. "தம்பி, பாலாத்துல கட்ட போட்ட தம்பிதானே?" என்று அடையாளம் கண்டுகொண்டார். கால்வாய் இப்போது எப்படியிருக்கிறது என்று அவர்தான் என்னைக் கேட்டார். அவர் போய்ப் பார்ப்பதில்லையாம்.

இப்போது நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய முதல் ஆலையின் திறன் நாளைக்கு 10 கோடி லிட்டர். 2024-ல் வந்த இரண்டாவது ஆலைக்கு 15 கோடி லிட்டர். சென்னை நகரம் அதைக் குடிக்கிறது. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரியவர் கையால் தோண்டிய மேடு எது என்று இன்று என்னாலேயே காட்ட முடியாது. மேட்டையே காணோம். மதில் சுவர்களும் கட்டடங்களும் வந்துவிட்டன. ஆழ்துளைக் கிணறு ஆழம் போகப் போக, அவர் சொன்னபடி உப்பு மேலே வருகிறது.

கால்வாயையும் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2008-ல் மத்திய அரசு காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையான கால்வாயைத் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்ததில் இதுவும் சேர்ந்தது. தூர் வாருவது, சரக்குப் படகு விடுவது என்றெல்லாம் அவ்வப்போது செய்தி வரும். வரட்டும். ஆழம் அளக்கக் கருவி இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. ஆனால் எந்த முகத்துவாரம் எந்த மாதம் மூடும், எந்த இடத்தில் சேறு, எந்த இடத்தில் மணல், குடிதண்ணீர் எங்கே என்பதையெல்லாம் தலைக்குள் வைத்திருந்த மனிதர்கள் இந்தக் கரையில் வரிசையாக இருந்தார்கள். யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. நானும் டூப்ளே பிறந்த வருஷத்தைச் சொல்வேன், அந்தப் பெரியவர் பிறந்த வருஷத்தைச் சொல்ல முடியாது.

உங்களில் யாருக்காவது வீட்டில் அப்பாவோ தாத்தாவோ கால்வாயில் உப்பு, விறகு ஏற்றியவர்களாக இருந்தால், அவர்கள் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஊர்ப் பெயர், ஆழம், தங்கிய இடம், வாடகை எதுவானாலும் சரி. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை முதலியார்குப்பம் போய்வாருங்கள். அங்கே சுற்றுலாத் துறையின் படகுக் குழாம் இருக்கிறது. மோட்டார் படகில் ஒதியூர்க் கழியை ஒரு சுற்று காட்டுவார்கள். நாரைகள் நிற்கும் இடத்தைப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த ஏழு பேரில் இப்போது இரண்டு பேர் இருக்கிறோம். டைப்பிஸ்ட் நண்பர் தாம்பரத்தில், நான் இங்கே. ஒவ்வொரு சித்ரா பௌர்ணமிக்கும் அவர் போன் செய்வார். முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "என்னப்பா, கழியிலிருந்து இறங்கிட்டியா?"